வெயிலைக் கழித்தால் மிஞ்சும் சூடு

போன மார்கழியில் காங்கயத்துக்குத் தெற்கே எங்கள் மாமா தோட்டத்தில் போர் போட்டார்கள். திருச்செங்கோட்டு ரிக் வண்டி வந்து 1,100 அடி இறக்கியது. நாலு நாள் கழித்து மோட்டார் இறக்கி, விடிகாலையில் சுவிட்சைப் போட்டதும் தொட்டியில் விழுந்த தண்ணீரிலிருந்து லேசாக ஆவி எழுந்தது. மாமா கையை நீட்டிப் பார்த்தார். நான் நிலவியல் படித்தவன் என்பதால் கேள்வி நேராக என்னிடம் வந்தது.

"என்னுங்க மாப்ளை, தண்ணி இப்படி வெதுவெதுன்னு வருது? கீழ ஏதாச்சும் இருக்குதுங்களா?"

அதற்குள் பக்கத்துத் தோட்டத்துக்காரர்கள் ரெண்டு பேர் வந்துவிட்டார்கள். ஒருவர் கீழே எரிமலை இருக்கலாம் என்றார். இன்னொருவர், இந்தச் சூட்டை வைத்து வெளிநாட்டில் கரண்டே எடுக்கிறார்களாம் என்றார். அவர் சொன்னது உண்மைதான், எடுக்கிறார்கள். ஆனால் ஒரு தோட்டத்துக்குக் கீழே அப்படிப்பட்ட சூடு இருக்கிறதா என்பதைப் போர்த் தண்ணீரில் கைவைத்துச் சொல்ல முடியாது. அதைக் கண்டுபிடிக்க ஒரு முறை உண்டு. அதற்கு 1,100 அடி வேண்டாம், இரண்டு மீட்டர் குழி போதும். அளப்பது சுலபம். அளந்த எண்ணுக்கு என்ன பொருள் என்று தெரிந்துகொள்வதுதான் பாடு.

முதலில் மாமாவின் தண்ணீர். வெப்பமானியில் 33 டிகிரிக்குச் சற்றுக் குறைவாகக் காட்டியது. அன்று காலை வெளிக்காற்று 19 டிகிரி. குளிர்ந்துபோன கைக்கு 33 டிகிரித் தண்ணீர் சூடாகத்தான் தெரியும். இதே தண்ணீரைச் சித்திரை மத்தியானம் தொட்டிருந்தால் யாரும் ஒரு வார்த்தை பேசியிருக்க மாட்டார்கள். கிணற்றில் நீந்திப் பழகிய எல்லாருக்கும் இது தெரியும். மார்கழியில் கிணறு வெதுவெதுப்பாக இருக்கும், சித்திரையில் சில்லென்று இருக்கும். தண்ணீர் ஏறக்குறைய அதே 28 டிகிரியில்தான் கிடக்கிறது. நம் உடம்பும் காற்றும்தான் மாறுகின்றன.

அப்படியானால் 28 எப்படி 33 ஆயிற்று? ஆழத்தால்தான். பூமிக்குள் இறங்க இறங்கச் சூடு கூடும். எவ்வளவு கூடும் என்பது இடத்துக்கு இடம் மாறும். தென்னிந்தியாவின் பழைய பாறைகளில் ஒரு கிலோமீட்டருக்குச் சுமார் 12 முதல் 15 டிகிரி வரைதான் ஏறும். 1,100 அடி என்பது 335 மீட்டர், அதற்கு நாலு அல்லது ஐந்து டிகிரி. 28-உடன் கூட்டினால் மாமாவின் தண்ணீர் வந்துவிடுகிறது. மோட்டார் விடும் சூடும் கொஞ்சம் சேரும். மேலேயுள்ள வெடிப்புகளிலிருந்து வரும் குளிர்ந்த தண்ணீர் கலந்து கொஞ்சம் குறைக்கும். எரிமலை எதுவும் தேவையில்லை, ஆழம் ஒன்றே போதும்.

இதே கணக்கை இரண்டு மீட்டருக்குப் போட்டுப் பாருங்கள். கிலோமீட்டருக்கு 15 டிகிரி என்றால் இரண்டு மீட்டருக்கு 0.03 டிகிரி. எந்தக் கருவியாலும் தோட்டத்து மண்ணில் அதைப் பிரித்துப் பார்க்க முடியாது. ஏனென்றால் மேலிருந்து வெயில் இறங்கிக்கொண்டே இருக்கிறது. உச்சிவெயிலில் ஒரு சதுர மீட்டர் தரையில் சுமார் 1,000 வாட் விழுகிறது. நம் கொங்கு நாட்டில் கீழிருந்து மேலே வரும் பூமியின் சூடு அதே ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 0.04 வாட். இருபத்தையாயிரத்தில் ஒரு பங்கு. தேர்க் கூட்டத்துக்கு நடுவே ஒருவர் காதில் கிசுகிசுப்பதைத் தெருக்கோடியில் நின்று கேட்கப் பார்ப்பது மாதிரி.

அப்புறம் எப்படி இந்த முறை வேலை செய்கிறது? வெயில் மண்ணுக்குள் எப்படி இறங்குகிறது என்பது தெரிந்தால்தான் இது புரியும்.

வெயிலின் சூடு மண்ணுக்குள் அலையாக இறங்குகிறது. பகலில் சூடு, இரவில் குளிர் என்பது ஒரு நாள் அலை. கோடை, குளிர்காலம் என்பது ஓராண்டு அலை. மண் இரண்டையும் அமுக்கிவிடுகிறது, ஆனால் ஒரே அளவில் அல்ல. வேகமாக மாறும் அலை சீக்கிரம் சாகும், மெதுவாக மாறும் அலை ஆழமாகப் போகும். நடுத்தர ஈரமுள்ள மண்ணில் ஒரு நாள் அலை 12 சென்டிமீட்டரிலேயே மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கிவிடும். அரை மீட்டரில் அது இருந்த சுவடே இருக்காது. மத்தியானம் செருப்பில்லாமல் நடக்க முடியாத களத்தில் ஒரு முழம் தோண்டினால் மண் குளிர்ச்சியாக இருப்பது இதனால்தான். ஓராண்டு அலை அப்படியில்லை. இரண்டு மீட்டரிலும் பத்தில் நாலு பங்கு மிஞ்சியிருக்கும். பத்து மீட்டர் போனால்தான் நூற்றில் ஒரு பங்கு ஆகும்.

அலை சுருங்குவதோடு தாமதமாகவும் போகும். இரண்டு மீட்டருக்கு வந்துசேர ஏறக்குறைய ஒன்றரை மாதம் பிடிக்கும். மேலே மழை தொடங்கிக் காற்று குளிர்ந்த பிறகு, கீழே அப்போதுதான் கோடை உச்சத்துக்கு வரும்.

இதை முதலில் பொறுமையாக அளந்தவர்களில் ஒருவர் ஜேம்ஸ் டேவிட் ஃபோர்ப்ஸ். 1837-ல் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் மூன்று இடங்களில், மூன்று விதப் பாறையிலும் மண்ணிலும், நீண்ட தண்டுள்ள வெப்பமானிகளைப் புதைத்தார். மிக ஆழமானது 24 பிரெஞ்சு அடி, நம் கணக்கில் எட்டு மீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. அந்த அளவீடுகளை எடுத்துத்தான் வில்லியம் தாம்சன், பிற்பாடு கெல்வின் பிரபு என்று பெயர்பெற்றவர், 1860-ல் மண் எவ்வளவு வேகமாகச் சூட்டைக் கடத்துகிறது என்று கணக்கிட்டார். நமக்குப் பக்கத்திலேயே இப்படி ஒரு வேலை நடந்திருக்கிறது. திருவனந்தபுரம் வானாய்வுக் கூடத்தின் முதல் இயக்குநர் ஜான் கால்டிகாட் 1842 முதல் 1845 வரை அங்கே தரைக்குள் வெப்பமானிகளை இறக்கிப் படித்தார். நூற்றெண்பது வருடத்துக்கு முன்னால், நம் மாதிரி வெப்ப நாட்டு மண்ணில், ஒருவர் குனிந்து குனிந்து எண்களைக் குறித்து வைத்திருக்கிறார் என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனசு நிறைந்துவிடும்.

சரி, வெயில் இப்படி இரண்டு மீட்டர் வரை ஆட்சி செய்கிறது என்றால் புவிவெப்பம் எங்கே தெரியும்? சூடு பாறை வழியாக மட்டும் ஏறினால் தெரியாது. தண்ணீர் அதைச் சுமந்து வந்தால் தெரியும். பூமியில் ஒரு பெரிய பிளவு இருக்கிறது, மழைத்தண்ணீர் அதன் வழியே பல கிலோமீட்டர் இறங்கிச் சூடேறி, இன்னொரு பிளவு வழியே மேலே வந்து 50 மீட்டர் ஆழத்தில் 100 டிகிரியில் நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். மேலே தரை 28 டிகிரி. இடையில் 72 டிகிரி வித்தியாசம், 50 மீட்டருக்குள். மீட்டருக்கு ஏறக்குறைய ஒன்றரை டிகிரி. அப்படியானால் இரண்டு மீட்டர் குழியில் மூன்று டிகிரி கூடுதலாக இருக்கும். 0.03 எங்கே, 3 எங்கே! நூறு மடங்கு. இதைப் பிடித்துவிடலாம்.

மேலே ஊற்றும் இல்லை, ஆவியும் இல்லை, வெறும் பொட்டல் காடு. ஆனால் கீழே வெந்நீர். இப்படி ஒளிந்து கிடக்கும் இடங்களைத் தேடத்தான் இந்த முறை வளர்ந்தது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் நிறைய இடங்கள் அப்படி. அங்கே 1977-லேயே ஓம்ஸ்டெட் என்ற ஆய்வாளர் ஒரு மீட்டர் ஆழ அளவீடுகளைப் பற்றி விரிவாக எழுதினார். 2007-ல் நெவாடா பல்கலைக்கழகத்துக் கூல்பாவும் அவர் கூட்டாளிகளும் இரண்டு மீட்டர் முறையை விரைவான களவேலையாக மாற்றிக் காட்டினார்கள். முனை கூர்மையான உள்ளீடற்ற இரும்புக் கம்பி, அதை அடித்து இறக்க மின்சுத்தியல், கம்பிக்குள் விட ஒரு பிளாட்டினம் சென்சார். கம்பியை இறக்கிவிட்டு ஒரு மணி நேரம் காத்திருந்து படிப்பார்கள். காத்திருக்கும் நேரத்தில் அடுத்த கம்பி, அதற்கடுத்த கம்பி. ஒரு நாளில் வெகுதூரம் போய்விடலாம். ஆழமாக ஒரு துளை போடுகிற செலவில் நூற்றுக்கணக்கான இடங்களை அளந்து, எங்கே துளை போடுவது என்று முடிவெடுக்கலாம்.

மாமாவுக்கு இதை வாயால் சொன்னால் போதாது என்று தோன்றியது. லேத் பட்டறையில் சொல்லி அரை இஞ்ச் ஜி.ஐ. பைப்பின் ஒரு முனையை மூடிக் கூராக்கி வாங்கினேன். நீளம் 2.2 மீட்டர். உள்ளே விட, வாட்டர்புரூஃப் உறை போட்ட சின்ன எலெக்ட்ரானிக் சென்சார். கடைகளில் கிடைக்கும் இந்த வகை அரை டிகிரி வரை பிசகலாம் என்று அதன் விவரத்தாளிலேயே போட்டிருக்கும். அரை டிகிரிப் பிசகோடு புவிவெப்பம் தேட முடியாது. அதனால் முதலில் சென்சாரைச் சோதித்தோம். தூக்குப்போசியில் நொறுக்கிய ஐஸைப் போட்டு, அது மூழ்கும் அளவு மட்டும் குளிர்ந்த தண்ணீர் விட்டு, அத்தை கரண்டியால் கலக்கிக்கொண்டே இருந்தார். சரியாகச் செய்த ஐஸ் கலவை பூஜ்யம் டிகிரியில் நிற்கும், அதைவிட நம்பகமான அளவுகோல் வீட்டில் கிடைக்காது. சென்சார் 0.3 காட்டியது. இனி வரும் எல்லா எண்ணிலும் 0.3 கழிக்க வேண்டும் என்று நோட்டில் எழுதிக்கொண்டேன்.

முதல் கம்பியை அடிக்கத் தோட்டத்து வேப்பமரத்துக்கு வடக்கே இடம் பார்த்தோம். மூன்றடியில் நின்றுவிட்டது. சுக்கான் கல். நம் பக்கத்துச் செம்மண்ணுக்குக் கீழே வெள்ளையாக முண்டும் முடிச்சுமாக இருக்குமே, அதுதான். நாலு முழம் தள்ளி மறுபடி அடித்தோம். பையன் சம்மட்டியைப் போட, கம்பி கொஞ்சம் கொஞ்சமாக இறங்கியது. இறங்கி முடித்ததும் சென்சாரை விட்டால் 32 காட்டியது. மாமாவின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா!" என்றார். "ஒரு மணி நேரம் இருங்க மாமா" என்றேன். சம்மட்டி அடியில் கம்பி மண்ணோடு உரசிச் சூடாகியிருக்கிறது, பூமிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கட்டிலைப் போட்டு உட்கார்ந்தோம். பதினைந்து நிமிடத்துக்கு ஒரு தடவை படித்தோம். 30.4, 29.6, 29.3, 29.2. அதற்கப்புறம் அசையவில்லை. இந்த ஒரு மணி நேரப் பொறுமை இல்லாதவர்கள் எத்தனை பொய்யான வெந்நீர் ஊற்றுகளைக் கண்டுபிடித்திருப்பார்கள் என்று தெரியாது.

ஒரு கம்பியின் எண்ணை வைத்து எதுவும் சொல்ல முடியாது. 29 டிகிரி சூடா, குளிரா? பக்கத்து இடத்தோடு ஒப்பிட்டால்தான் பேச்சு. அதனால் அன்றும் மறுநாளும் ஆறு இடத்தில் அளந்தோம். தென்னந்தோப்பு நிழலில், சொட்டுநீர் ஓடும் மஞ்சள் பாத்தியில், உழுது போட்ட மேட்டுக்காட்டில், பழைய களத்துமேட்டில், வேலிக்குப் பக்கத்தில், அப்புறம் மாடு மேயும் கொறங்காட்டில். தோப்பும் பாத்தியும் கம்மி. மேட்டுக்காடு கூட. களத்துமேடு எல்லாவற்றையும் விட அதிகம். தோப்புக்கும் களத்துக்கும் இரண்டு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தது.

கவனியுங்கள், 50 மீட்டர் ஆழத்தில் 100 டிகிரித் தண்ணீர் இருந்தால் வரக்கூடிய வித்தியாசம் மூன்று டிகிரி. நிழலும் பாசனமும் மட்டுமே இரண்டு டிகிரியைத் தந்துவிட்டன. களத்துமேட்டை மட்டும் ஒருவர் அளந்திருந்தால், கொங்கு நாட்டில் புவிவெப்பம் கண்டுபிடிப்பு என்று சொல்லியிருப்பார்.

நெவாடாவுக்கும் நமக்கும் உள்ள முக்கியமான வேறுபாடு இது என்று நினைக்கிறேன். அங்கே குளிர்கால மாதத்துக்கும் கோடை மாதத்துக்கும் காற்றின் சராசரிச் சூடு 20 டிகிரிக்கு மேல் மாறும். அதனால் அங்கே ஆய்வாளர்களுக்குப் பெரிய தலைவலி பருவம்தான். ஜனவரியில் அளந்ததையும் ஜூலையில் அளந்ததையும் அப்படியே சேர்த்து வரைபடம் போட முடியாது. ஓரிடத்தில் ஒரு கம்பியை நிரந்தரமாக நட்டு, ஒவ்வொரு நாளும் அதைப் படித்து, மற்ற எண்களை அதோடு ஒப்பிட்டுத் திருத்துவார்கள். நமக்குக் கோவையில் மிகக் குளிர்ந்த மாதத்துக்கும் மிகச் சூடான மாதத்துக்கும் சராசரியில் நாலைந்து டிகிரிதான் வித்தியாசம். இரண்டு மீட்டருக்குப் போய்ச் சேரும்போது அது இரண்டு டிகிரிக்குள் அடங்கிவிடும். பருவம் நமக்குச் சின்னத் தொந்தரவு. தோட்டமா காடா என்பதுதான் பெரிய தொந்தரவு. பாசனம் உள்ளது தோட்டம், வானம் பார்த்தது காடு என்று நாம் பிரித்துச் சொல்கிறோமே, மண்ணின் சூடும் அதே கோட்டில்தான் பிரிகிறது. ஈரமண்ணின் சூட்டை ஆவியாகும் தண்ணீர் எடுத்துக்கொண்டு போய்விடும். பல்லடம், உடுமலைப் பக்கத்துக் கரிசல் வெயிலை நன்றாகக் குடிக்கும், சுக்கான் வெளுத்துக் கிடக்கும் தரை கணிசமான பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். சரிவு எந்தத் திசையைப் பார்க்கிறது என்பதும் சேரும். இதையெல்லாம் கழித்த பிறகு மிஞ்சுவது எதுவோ, அதுதான் பூமியுடையது.

மற்ற எண்களை ஒப்பிட நிரந்தரமாக நடும் அடிப்படைக் கம்பியை எங்கே நடுவது என்று கேட்டால், கொறங்காட்டைவிட நல்ல இடம் இல்லை. உழவில்லை, பாசனமில்லை, உரமில்லை. கிளுவை வேலிக்குள்ளே கொழுக்கட்டைப் புல், அங்கங்கே வெள்வேல மரம், மேயும் மாடுகள். காங்கயம் மாடு வளர்ந்த நிலம் அது. பல தலைமுறையாக ஒரே மாதிரி வெயிலும் மழையும் வாங்கிய மண். மரத்தடியைத் தவிர்த்துவிட்டு நடுவில் ஓரிடம் பார்த்தால், அந்தப் பகுதியின் இயல்பான தரைச்சூடு அங்கே கிடைக்கும்.

உண்மையிலேயே சூடான நாடுகளில் இத்தனை கழித்தல் வேண்டாம். நியூசிலாந்தின் வைராகேயில், 1958-ல் புவிவெப்ப மின்நிலையம் தொடங்கிய இடத்தில், தரை அவ்வளவு சூடு. அங்கே டாசன் என்பவர் 1964-ல் வெறும் 15 சென்டிமீட்டர் ஆழத்துச் சூட்டை வைத்தே தரையிலிருந்து எவ்வளவு வெப்பம் வெளியேறுகிறது என்று கணக்கிடும் வழியைத் தந்தார். ஒரு சாண் கூட இல்லை. ஒரு நாள் அலை இன்னும் அடங்காமல் ஆடும் ஆழம் அது, ஆனாலும் கீழிருந்து வரும் சூட்டின் முன்னால் வெயில் எடுபடவில்லை.

நம் நாட்டில் லடாக்கின் பூகா பள்ளத்தாக்கு அந்த வகை. 4,400 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு, அதனால் தண்ணீர் 84, 85 டிகிரியிலேயே கொதித்துவிடும். ஊற்றுகளைச் சுற்றி வெண்காரமும் கந்தகமும் படிந்து கிடக்கும். 1970-களில் துளையிட்டபோது 400 மீட்டருக்கும் குறைவான ஆழத்திலேயே 140 டிகிரி வரை கண்டார்கள். 2021-ல் அங்கே மின்திட்டத்துக்காக ஓ.என்.ஜி.சி. ஒப்பந்தம் போட்டது. இமாசலப் பிரதேசத்தின் மணிகரணில் ஊற்றுத் தண்ணீரிலேயே சோறு வேகிறது. இமயத்தின் இளம் பாறைகளும் அவற்றின் பிளவுகளும் செய்யும் வேலை அது.

நம் பாறைகள் அந்த வகை அல்ல. சார்னோகைட், நைஸ் என்ற வகைகள் நிறைந்த கொங்கு நாட்டுப் பாறைகள் ஒரு காலத்தில் 20, 30 கிலோமீட்டர் ஆழத்தில் வெந்து உருமாறியவை. பூமிக்குள் சூடு பிறப்பதில் பெரும்பங்கு யுரேனியம், தோரியம், பொட்டாசியம் சிதைவதால் வருவது. பாறை அந்த ஆழத்தில் வெந்தபோது அந்தத் தனிமங்களில் பெரும்பகுதி மேலே போய்விட்டது. மேலே இருந்த பாறை முழுவதும் பின்னால் அரித்துப் போயிற்று. ஆழத்தில் இருந்தது வெளியே வந்து சிவன்மலைக்கும் சென்னிமலைக்கும் நடுவே நம் காலடியில் கிடக்கிறது, தன் அடுப்புக்கான விறகைத் தொலைத்துவிட்டு. பிளவுகள் இல்லாமல் இல்லை. பாலக்காட்டுக் கணவாயை ஒட்டி, பவானி, மோயாறு நெடுக, பழம்பெரும் பெயர்ச்சிக் கோடுகள் ஓடுகின்றன. 1900 பிப்ரவரி 8-ம் தேதி கோவையை உலுக்கிய நிலநடுக்கம் ஏறக்குறைய ஆறு அளவுள்ளது. ஆனால் பிளவு இருந்தால் போதாது. கீழே சூடும் வேண்டும், அதைச் சுமந்து வேகமாக மேலேற தண்ணீரும் வேண்டும்.

மாமாவிடம் இதையெல்லாம் நோட்டில் படம் போட்டுச் சொன்னேன். கேட்டுவிட்டு, "அப்ப இங்க ஒண்ணும் இல்லைங்கறீங்க" என்றார். இருக்கிறது என்றேன். இந்தத் தோட்டத்து எண்கள் சுத்தமானவை. கீழே புவிவெப்பம் இல்லாத நிலத்தில், நிழல் எவ்வளவு, பாசனம் எவ்வளவு, கரிசல் எவ்வளவு, களிமண் எவ்வளவு என்று வெயிலின் பங்கைத் தனித்தனியாகப் பிரித்து அளக்க முடியும். சூடுள்ள நிலத்தில் எல்லாம் கலந்து கிடக்கும், பிரிக்க வராது. பூகாவிலோ கொங்கணக் கடற்கரை ஊற்றுகளிலோ நாளைக்கு ஒருவர் கம்பி அடிக்கப் போகும்போது கழிக்க வேண்டிய கணக்கு இப்படிப்பட்ட இடங்களிலிருந்துதான் வர வேண்டும். வேளாண் வானிலை நிலையங்களில் 5, 10, 20 சென்டிமீட்டரில் தினமும் மண்சூடு படிக்கிறார்கள். பயிருக்கு அந்த ஆழம் போதும். ஒரு மீட்டருக்கும் இரண்டு மீட்டருக்கும் தோட்டத்துக்காரர்களே இறங்கினால்தான் உண்டு. ஒரு பைப், ஒரு சென்சார், ஒரு நோட்டு.

கொறங்காட்டில் நட்ட கம்பியை மட்டும் பிடுங்கவில்லை. மாடு முட்டாமல் இருக்கச் சுற்றிலும் முள் வெட்டிப் போட்டிருக்கிறார் மாமா. ஞாயிற்றுக்கிழமைதோறும் படித்து எனக்கு வாட்ஸ்அப்பில் எண்ணை அனுப்புகிறார். மாசியில் அது இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது, மேலே வெயில் ஏறத் தொடங்கிய பிறகும். சித்திரையில் லேசாகத் திரும்பியது. என் கணக்குப்படி ஆனி முதல் வாரத்தில் உச்சம் தொட வேண்டும். ஆனி பிறக்க இன்னும் பன்னிரண்டு நாள் இருக்கிறது.